ஒன்பது கோடுகள்

கெம்ச்சியில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
குடை பிடித்து வருகிறவரைப் பார்த்தாலே
வெளியூர் என்று தெரிந்துவிடும்.

அந்த மழையில் அறுபத்தொரு நாள்
படகுத்துறையின் கடைசிக் கட்டைக்குப் போய்
நூலில் கட்டிய வெப்பமானியை இறக்கினோம்,
ராயேனும் நானும்.
கடல் சூடேறினால் சிப்பிக்குஞ்சு கயிற்றில் ஒட்டுமா?

முதலில் எங்கள் தலைப்பு
'பருவநிலை மாற்றமும் உலகமும்.'
பள்ளிக்கூடத்துச் செயற்கை நுண்ணறிவுதான் கேட்டது:
உலகத்தில் எந்த மூலை?
கையில் எத்தனை வெப்பமானி?
ஒன்று, என்றோம்.
உலகம் ஒரு படகுத்துறை அளவுக்கு வந்தது.

அறுபத்தொன்றில் ஒன்பது நாளுக்கு
வெறும் கோடு.
ஐந்து நாள் புயல்.
மூன்று நாள் ராயேனின் அப்பா
ஆங்கூத் மருத்துவமனையில்.
ஒரு நாள் நான் தூங்கிவிட்டேன்.

ஒப்படைப்பதற்கு முந்தின இரவு
அவளிடம் சொல்லாமல் கேட்டேன்,
இந்த இடைவெளிகளை நிரப்பித் தருவாயா?
தந்தது.
பத்து புள்ளி ஆறு, பத்து புள்ளி நான்கு,
அடியில் ஒரு வரி:
இவை கணித்தவை, அளந்தவை அல்ல;
அறிக்கையில் அப்படியே குறிப்பிடவும்.
அந்த வரியை மட்டும் அழித்தேன்.

வளைகோடு
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது.

காலையில் ராயேனின் விரல்
அக்டோபர் பதினேழில் நின்றது.
"அன்றைக்கு நீ போனாயா?
நான் அப்பாவின் கட்டிலருகே இருந்தேன்.
கடல் எப்படி இருந்தது?"
கோபம் இல்லை.
தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.
அதுதான் தாங்கவில்லை.

ஒன்பது எண்ணையும் எடுத்தோம்.
வளைகோடு பல் விழுந்த வாயானது.
ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் காரணம் எழுதினோம்:
புயல். புயல். மருத்துவமனை.
என் கட்டம் வந்தபோது கருவியிடம் கேட்டேன்,
தூங்கிவிட்டேன் என்பதை ஆய்வு நடையில் எப்படி எழுதுவது?
'களப்பணியாளர் வராமையால் அளவீடு இல்லை.'

ராயேன் வாய்விட்டுச் சிரித்தாள்.
"தூங்கினான் என்றே போடு.
பெயரோடு."

போட்டேன்: பால்தசார் தூங்கிவிட்டான்.

சிப்பி ஒட்டியதா என்கிறீர்களா?
ஐம்பத்திரண்டு நாளை வைத்துச் சொல்ல முடியவில்லை.
அதையும் எழுதிக் கொடுத்தோம்.
வெப்பமானி இன்னும் என் பையில்தான்,
நூல் முழுக்க உப்பு.