மடலில் வராதது

சனிக்கிழமை, காலை பத்து மணி.
டிரம்கோரா மதுக்கடையின் பின்னறையில்
நேற்றைய பீர் வாடை இன்னும் போகவில்லை.
சோர்கா மக்டெர்னன், எங்கள் தொகுதி உறுப்பினர்,
ஈரக் கோட்டைக் கழற்றாமலே உட்காருகிறார்.
கோப்புகளைச் சுமப்பவன் நான்.

காலாண்டு மடலுக்கு எழுதிக் கொடுத்தேன்:
பாலத்துக்கு நிதி,
பள்ளிப் பேருந்துக்கு இன்னொரு நிறுத்தம்,
சதுப்புநிலச் சாலையில் குழிகள் அடைபட்டன.
மறுவாரமே வாய் திறந்துகொண்டன,
அதை எழுதவில்லை.

ஃபெலிம் விஷயத்தையும் எழுதவில்லை.
பிப்ரவரியில் வந்தார். தொப்பிக்குள் ஒன்பது உறைகள்,
எல்லாம் ப்ரோனாவின் பெயருக்கு,
மருத்துவ அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லி.
ப்ரோனாவைப் புதைத்து இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
"செத்தவளுக்கு எழுதுவதை
நிறுத்தச் சொல்லுங்களேன்."

பதினான்கு அழைப்புகள்.
காத்திருக்கச் சொல்லும் அந்த இசை
எனக்கு மனப்பாடம்.
ஒரே இறப்புச் சான்றிதழ், மூன்று துறைகள், மும்மூன்று முறை.
கடைசியில் டப்ளின் போய்
ஓர் அதிகாரியின் மேசை முன் நின்று,
கணினியில் அந்தப் பெயர் அழிவதைப்
பார்த்துவிட்டுத்தான் ரயிலேறினார் சோர்கா.

இன்று ஃபெலிம் மறுபடி வரிசையில்.
உறைகள் இல்லை. தொப்பி மட்டும்.
நன்றி என்றார்.
எழுந்து போகவில்லை.
"தபால்காரன் இப்போதெல்லாம்
என் வாசலில் வண்டியை நிறுத்துவதில்லை,"
மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

சோர்கா என்னைப் பார்த்தார்.
எந்தத் துறைக்கு எழுதுவது?
எனக்கும் தெரியவில்லை.

மடல் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான்.
ஃபெலிமுக்கு மட்டும் இப்போது
செவ்வாய்தோறும் போகிறது:
அதே பாலம்,
அதே பேருந்து,
அடைபட்டதாகச் சொல்லும் அதே குழிகள்.