இருபத்து மூன்று வாட்

வியாசர்பாடியில் கரண்ட் போனால்
எனக்கு முதலில் கேட்பது குமிழிகள் நிற்கும் சத்தம்.
நிற்பதற்கு ஏது சத்தம் என்பவர்கள்
ஒருமுறை மீன் வளர்த்துப் பாருங்கள்.

கார்த்திகை மழையில் ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்த இரவு
நானும் ரெஜினாவும் மாறி மாறி
எவர்சில்வர் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு
ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினோம்.
விழும் தண்ணீர்
கொஞ்சம் காற்றைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும்,
அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம்.
ஒன்பதரைக்குத் தொடங்கி
பால் சைக்கிள் மணி கேட்கும்வரை ஊற்றினோம்.
விடிந்தபோது
கொளத்தூரில் பேரம் பேசி வாங்கிய சில்வர் டாலர் நான்கும்
ஒருக்களித்து மிதந்தன.
ஆஸ்கர் மட்டும்
நீர்மட்டத்தில் வாயை ஒட்டிவைத்து உயிரோடிருந்தது.
எப்போது பார்த்தாலும் பசி என்பதால்
அதற்கு வட்டி என்று பெயர் வைத்திருந்தோம்.
டாலர் விழுந்தது, வட்டி நின்றது
என்று ரெஜினா சொன்னாள்.
சிரிக்கவில்லை.

ரேஷன் கடையில் பில் போடுகிறவள் அவள்.
மின்கட்டண அட்டையின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினாள்.
ஏர் பம்ப் ஐந்து. ஃபில்டர் பதினெட்டு.
"லைட்டு?" என்றேன்.
"இருட்டுல அது பேப்பரா படிக்கப் போவுது?"
ஆக, இருபத்து மூன்று.
ஒரு உயிரின் மூச்சு
எங்கள் வீட்டுச் சீலிங் ஃபேனில் மூன்றில் ஒரு பங்கு.

தங்கசாலைக் கடைக்காரர்
மண்டபமே ஓடும் சார் என்று ஒன்றைத் தட்டிக் காட்டினார்.
எங்களிடம் மண்டபம் இல்லை.
இன்னொன்று, சத்தமே வராதாம்,
நாற்பத்திரண்டாயிரம்.
நாங்களும் சத்தமே வராமல் வெளியே வந்தோம்.

புளியந்தோப்பு மொய்தீன் பாயின் பட்டறையில்
சாக்கு மூட்டைக்குப் பின்னால் கிடந்தது
சிவப்பு பெயின்ட் உரிந்த அறுநூற்றைம்பது வாட்.
முன்பு ஐஸ்கிரீம் வண்டிக்கு விளக்கு எரித்ததாம்.
ஆறாயிரத்து எண்ணூறு, பிறகு ஆறாயிரத்து இருநூறு,
ரெஜினா எழுந்து செருப்பைப் போட்டதும் ஆறாயிரம்.
லிட்டர் பெட்ரோலுக்கு இருபது மில்லி ஆயில் கலக்கணும்,
சோக்கை இழுத்துட்டுத்தான் கயிறை இழுக்கணும்.
பாய் கடைசியாகச் சொன்னதைத்தான்
நான் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்:
"வீட்டுக்குள்ள வெச்சுடாத.
மீனு பொழச்சிக்கும். நீ இருக்க மாட்ட."

எனவே மொட்டை மாடி.
அங்கிருந்து இரண்டு மாடி இறங்கும் ஒயர்
சன்னல் கம்பி வழியே தொட்டிக்கு.

சித்திரையில் ஒரு இரவு போனது.
ஏழாவது இழுப்பில்
நின்ற இடத்திலேயே ஓடும் ஷேர் ஆட்டோ போல
அது கத்தத் தொடங்கியது.
எதிர் பிளாக்கிலிருந்து பத்மநாபன்,
"மனுசன் வெந்து சாவறான், மீனுக்கு ஜெனரேட்டரா?"

சரியான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.
ரெஜினாவிடம் கழித்தல் இருந்தது:
"அறுநூத்தி இருபத்தேழு சும்மா சுத்துது."
ஜங்ஷன் பாக்ஸை நீட்டினாள்.
முதலில் செல்போன்கள் வந்தன,
பிறகு கைக்குழந்தையோடு ஒரு டேபிள் ஃபேன்,
அப்புறம் பத்மநாபன்,
கையில் அவருடைய ஃபேன்,
முகத்தில் ஒன்றுமே இல்லை.

பத்தேகாலுக்கு
யாரோ மிக்ஸியைச் சொருகிவிட்டார்கள்.
இரண்டு இருமல். முடிந்தது.

இந்த முறை
குமிழி நின்ற சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

வடக்கே எண்ணூர்ப் பக்கம்,
கரண்ட் காய்ச்சும் புகைபோக்கிகளின் உச்சியில்
சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன.
நான் கயிற்றை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன்.
கீழே எங்கள் வீட்டில் டார்ச் வெளிச்சம், கூட்டம்,
தண்ணீர் விழும் ஓசை,
ரெஜினாவின் குரல்:

"இன்னும் ஒசரமா ஊத்துங்க, பத்மநாபன்.
இன்னும் ஒசரமா."