அடிக்கணக்கு

தீபாவளிக்கு முந்தின வாரம்
கம்பெனி எங்களுக்குக் கறுப்புப் பட்டை கொடுத்தது.
சேலை இல்லை, ஸ்வீட் பாக்ஸ் இல்லை.
நீடாமங்கலம் கிளையில் வசூலுக்குப் போகிறவர்கள் ஒன்பது பேர்.
எட்டாயிரம் அடி நடந்த நாளுக்கு
இருபது ரூபாய் கூடுதல்,
இன்சூரன்ஸ் தவணையில் கொஞ்சம் தள்ளுபடி.
'சம்மதம்' என்ற இடத்தில் விரல் வைத்தோம்.
பதினேழு பக்கம். யார் படித்தார்கள்?
எங்களிடம் கடன் வாங்கும் பெண்களும்
இப்படித்தான் வைப்பார்கள்,
நாங்கள் காட்டுகிற இடத்தில்.

கொரடாச்சேரி ரோட்டில் ஸ்கூட்டியில் போனால்
குழிக்கு ஓர் அடி ஏறுகிறது.
உட்கார்ந்தபடியே இரண்டாயிரத்து அறுநூறு.
நெடுஞ்சாலைத் துறைக்கு நன்றி.

சௌந்தரவல்லி தவணைக் கூட்டத்துக்கு வரவில்லை.
தாளடி நடவு. நானே வரப்பில் இறங்கிப் போனேன்.
முழங்கால் சேற்றில் நின்றபடி என் கையைப் பார்த்து
"அது என்ன, தாயத்தா?" என்றாள்.
விளையாட்டாய்க் கழற்றி அவளுக்குக் கட்டிவிட்டேன்.
மூன்று மணிக்குத் திரும்பி வந்து வாங்கினேன்.

நானூற்றுப் பன்னிரண்டு.

காலையிலிருந்து குனிந்து
பின்னால் பின்னால் போனவளிடம்
நான்கு முறை அதிர்ந்து சொல்லியிருக்கிறது:
வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடமாடுங்கள்.
படித்துக் காட்டினேன். சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.
"அப்ப நான் இன்னிக்கி வேல பாக்கலங்குதா?
கூலியில புடிப்பாங்களா?"
அதெல்லாம் இல்லை என்றேன்.
இப்போதைக்கு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

மேலாளர் அருள்செழியன் நல்லவர்தான்.
திங்கட்கிழமை திரையில் வரிசை போடுவார்,
யார் எவ்வளவு நடந்தோம், எவ்வளவு தூங்கினோம்.
மரியசெல்வம் கடைசி. அவனுக்குக் கால் வீக்கம்.
யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை
அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதாயிற்று.
பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார், நிஜமான அக்கறையோடு:
"மீனலோசினி, பதினாலாந்தேதி ராத்திரி ரெண்டு மணிக்கு
பல்ஸ் நூத்திப் பதினெட்டு. ஏதும் பிரச்சினையா?"

பதினாலாந்தேதி.
"காபி குடிச்சேன் சார்" என்றேன்.
அந்த ராத்திரியை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.
உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

எண்ணுக்குப் பயந்தவர்கள் இல்லை இந்தப் பக்கத்து ஆட்கள்.
காலையில் பேப்பர் வந்தால் முதலில் தேடுவது
மேட்டூரில் எத்தனை அடி.
டீக்கடையில் சத்தமாகப் படிப்பார்கள்,
வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு கன அடி.
அதுவும் ஓர் உடம்பின் கணக்குதான், ஆற்றின் உடம்பு.
ஆனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியும்.
குறைந்தால் ரோட்டில் உட்கார்ந்து ஏன் என்று கேட்கலாம்.
என் நீர்மட்டம் ஒரே ஒருவர் போனில் இருக்கிறது.
மதகும் அவர் கையில்.

பட்டையை ஆற்றில் வீசினேன் என்று முடித்தால்
நன்றாகத்தான் இருக்கும். வீசவில்லை.
மாதம் ஐந்நூறு ரூபாய்,
பையனின் வேன் கட்டணத்தில் பாதி.
வியாழக்கிழமைகளில் மட்டும்
சார்ஜ் போட மறந்துவிடுகிறேன்.
"தீர்ந்துபோச்சு சார்."

போன வியாழன், பாத்திரம் கழுவி வைத்துவிட்டு
வெண்ணாற்றுக் கரையில் நடந்தேன்,
எவர் கணக்கிலும் ஏறாத நடை.
முறை மாறியதில் தண்ணீர் கம்மி,
இருட்டில் சத்தம் மட்டும் இருந்தது.
மூங்கில் குத்து தாண்டியபோதுதான்
என் உதடு அசைவதைக் கவனித்தேன்.
நானூற்றுப் பத்து,
நானூற்றுப் பதினொன்று

வெறும் மணிக்கட்டு.
நின்றுவிட்டேன்,
ஒரு கால் மண்ணில்,
ஒரு கால் இன்னும் வைக்காமல்.