பலகை இருக்கிறது

எட்டு மாதம் வாசலில் நின்றது
விற்பனைக்கு என்ற பலகை.
இரண்டு கால், ஒரு தொலைபேசி எண்,
முகவர் பிரனேஷின் சிரிப்பு.
பேருந்து விட்டு இறங்கி மேடேறி வந்தால்
என் வீட்டுக்கு முன்னால்
அவன்தான் என்னை வரவேற்பான்.

ஷால்க்ராஸ் மேட்டில் யார் வாங்குவார்கள்?
வந்தவர்கள் குழாயைத் திறந்து மூடினார்கள்,
விரிசலில் விரல் வைத்து அளந்தார்கள்.
மாமரத்தை வெட்டிவிடலாமில்லையா என்றாள் ஒருத்தி.
யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள்
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெர்த்திலிருந்து மகன் ஞாயிறுதோறும் கேட்பான்:
யாராவது வந்தார்களா?
போன மாதம் ஒரு ஞாயிறு
அவனுக்குப் பதில் தேடி ஜன்னலைப் பார்த்தேன்.
பலகையின் மேல்விளிம்பில் ஒரு மைனா.
விளிம்பின் அகலம் அரை அங்குலம்.
காற்றில் வாலை ஆட்டி ஆட்டி
நிற்க இடம் தேடியது.

அவ்வளவுதான் நடந்தது.
திங்கட்கிழமை ஆணிகளைப் பிடுங்கினேன்.

சத்தம் கேட்டுக் கிஸ்டன் வெளியே வந்தார்.
பார்த்தார். உள்ளே போனார்.
பிரனேஷுக்குப் போன் போடப்போகிறார் என்று
சுத்தியலை இறுக்கிப் பிடித்தேன்.
ரசமட்டத்தோடு திரும்பி வந்தார்.
முப்பத்தேழு வருடத்தில் ஒன்று தெரியும்,
இந்த மனிதர் பேசாமல் எதையாவது எடுத்துவந்தால்
அது சம்மதம்.

மகனின் புத்தகத் தட்டைத் தாங்கிய
இரும்பு முக்கோணங்கள் நான்கு.
கால்களின் தலையில் பலகையைப் படுக்கவைத்தோம்.
எந்தப் பக்கம் மேலே என்று ஒரு தகராறு.
பிரனேஷ் முகத்தில் எச்சம் விழட்டும் என்றேன்.
பெயின்ட் குஞ்சுகளுக்கு ஆகாது என்றார்.
எனவே அவன் கீழ்ப்பக்கம்,
புல்லைப் பார்த்துச் சிரிக்கிறான்.
திரைச்சீலைக் கட்டையை அறுத்துச் சுற்றிலும் வரம்பு,
தானியம் சிந்தாமலிருக்க.

பத்திலிருந்து பன்னிரண்டு வரை மின்வெட்டு.
பக்கத்து வீட்டு சிபுசிசோ
பேட்டரியில் ஓடும் துளைக்கருவியோடு வந்தான்.
மழைநீர் வடிய மூலைக்கொரு துளை,
நடுவில் ஒன்று, அது அவன் யோசனை.
விற்கிறீர்களா, இருக்கிறீர்களா என்று கேட்டான்.
நேராகப் பிடி, கோணலாகிறது என்றேன்.

முதல் நாள் யாரும் வரவில்லை.
இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் குரங்குகள் வந்தன.
வயிற்றில் குட்டி தொங்க ஒரு தாய்
பலகை நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து
பப்பாளியை முழுதாகத் தின்று
விதைகளை மட்டும் பறவைகளுக்கு விட்டுப் போனது.

பிறகு மைனாக்கள்.
இவற்றுக்குப் போடாதீர்கள் என்றாள் எதிர்வீட்டுக்காரி,
கப்பலில் வந்த சாதி,
மற்றதன் கூட்டைப் பிடித்துக்கொள்ளும்.
இந்தியன் மைனா என்றுதான் இங்கே பெயர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் பெயரும் பார்வதிதான்.

ஒரு வாரம் கழித்து
மஞ்சள் தூக்கணாங்குருவிகள், சண்டை போட்டுக்கொண்டே.
அப்புறம் அந்த நீளவால் சாம்பல் பறவை.
கிளையில் தலைகீழாய்த் தொங்கும்,
எலி போல ஊரும்.
அதற்கு எனக்குத் தமிழில் பெயர் தெரியாது.
கிஸ்டன் அதைச் சோம்பேறி என்கிறார்.
காலையில் பழம் நறுக்குவது இப்போது அவர்தான்.
துண்டுகள் ஒரே அளவில் இருக்கும்.

நேற்று பிரனேஷ் கூப்பிட்டான்.
ஆன்ட்டி, காற்று பலமாக அடித்ததே, பலகை இருக்கிறதா?
இருக்கிறது.
யாராவது வந்து பார்த்தார்களா?
விடிந்தால் வந்துவிடுகிறார்கள், என்றேன்.
சந்தோஷப்பட்டான், பாவம்.
விலையைக் கொஞ்சம் ஏற்றலாமா என்றான்.

மகனிடம் இன்னும் சொல்லவில்லை.
ராத்திரி மழையில் இடது கால் சற்று இறங்கிவிட்டது,
தானியமெல்லாம் ஒரு மூலையில்.
ஓட்டுத்துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று
வீட்டுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருக்கிறார்.