ரெண்டாவது ப்ளேயர்

பெட்டி டெரன்ஸ் வீட்டுப் பெட்டி.
டிவியும் அவர்களுடையது. ராயபுரத்தில்
கரண்ட் இருக்கும் நேரம்கூட
அவர்களுடையது போலத்தான்.

என்னிடம் இருந்தது ஒரு மஞ்சள் கேசட்.
பர்மா பஜாரில் தொண்ணூறு சொன்னார்கள்,
அறுபத்தைந்துக்குப் படிந்தது.
மேலட்டையில் புலி.
உள்ளே புலியே இல்லை.

பெட்டியோடு வந்த ஆட்டங்களை
மூன்றே நாளில் முடித்துவிட்டான்.
அப்புறம்தான் கம்பிக் கதவைத் திறந்து
"எத்துனு வா" என்றான்.

ஊதினேன். சொருகினேன். வெறும் நீலம்.
உருவி, சட்டையில் துடைத்து, மறுபடி ஊதினேன்.
இரண்டு சிப்பாய்கள் காட்டுக்குள் குதித்தார்கள்.
திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு பெயர்:
பெட்டி செய்த கம்பெனி இல்லை,
வேறு யாரோ.

அந்த வேறு யாரோ செய்ததில்தான்
குண்டு விசிறிபோல் விரிந்தது,
அருவியில் மேல்நோக்கி ஏற முடிந்தது,
இருவர் சேர்ந்தே ஓட வேண்டியிருந்தது.
ஒருவன் முந்தினால்
மற்றவனைத் திரை விழுங்கிவிடும்.

"யார்ரா அது வீட்டுக்குள்ள?"
சமையலறையிலிருந்து அவன் அம்மா.

"ரெண்டாவது ப்ளேயர்" என்றான் டெரன்ஸ்,
கண்ணை எடுக்காமல்.

கிளம்பும்போது கேசட்டை உருவிக்கொண்டேன்.
கல்மண்டபம் வரைக்கும்
பாக்கெட்டில் சூடு இருந்தது.