கெலிசாவின் குற்றப்பட்டியல்

சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில்
எழுதிப் பார்த்தேன் ஒருநாள்.

முன்கதவுக் கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு:
சட்டம் கேட்பது பாதி வெளிச்சம்,
என்னிடம் கால்வாசி தேறினால் அதிசயம்.
பிடித்தால் முந்நூறு வெள்ளி.
உரித்தெடுக்க நூற்றிருபது.
உரித்தபின் என் தூக்கத்துக்கு என்ன விலை போடுவது?
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வாசலில்
இரண்டு ஷிப்டுக்கு நடுவே
நாற்பது நிமிடம் வாய் பிளந்து தூங்குகிறேன்.
காவலாளிக்கு என் பல் தெரியக்கூடாது.

எண் பலகை:
எனக்கு முன் இதை ஓட்டியவன் ஆசைக்காரன்.
எழுத்தெல்லாம் காற்றில் சாய்ந்த கீரைத்தண்டு.
பதினோரு வருடமாக யாரும் கேட்கவில்லை.
பூஜ்யம் என்று போட்டேன்.

ஹாரன்:
கத்துவதில்லை, கனைக்கும்.
அதையும் ஒலி என்று வாதாட இடமிருக்கிறது.

பிரேக் விளக்கு, இடது: செத்து நான்கு மாதம்.
வலது: மனசு வந்தால் எரியும்.
பல்பு எட்டு வெள்ளி.
எட்டுக்கும் முந்நூறுக்கும் நடுவே
என் அனுபவத்தை வைத்தேன்.
மூன்று வருடத்தில் இரண்டே சாலைத் தடுப்பு.
இரண்டிலும் டார்ச் அடித்து முகத்தைப் பார்த்தார்கள்,
"பாலே கெர்ஜா, காக்?" என்றார்கள்.
பின்னால் நடந்துபோய்க் குனிந்தவர் யாருமில்லை.
சம்மனுக்கோ என்றாவது பாதி விலைக் கழிவு வரும்.
கூட்டிக் கழித்ததில்
ஆண்டுக்கு ஆறு வெள்ளி அபாயம்.
எட்டைவிட ஆறு சின்னது.
கெட்டிக்காரிதான் என்று
சீட்டை மடித்து வைத்தேன்.

ஒக்டோபர் மழை. பாலத்தின் நடுமுதுகு.
முன்னால் லாரி நின்றது, நானும் நின்றேன்.
பின்னால் ரப்பர் கிறீச்சிட்டது.
அப்புறம் சின்னதாய் ஒரு தட்டல்,
பம்பரில் இல்லை, ஜன்னலில்.

கறுப்பை இறக்கினேன்.
ஹெல்மெட்டுக்குள் இருபது வயது இருக்கும்.
கப்சாய் வண்டி. பக்கக் கண்ணாடி ஒன்றுதான்.
எண் பலகையை மடக்கிச் சீட்டுக்கடியில் செருகியிருந்தான்.
புகைக்குழாயோ தீவுக்கே கேட்கிற ரகம்.
என்னுடையதைவிட நீளமான பட்டியல்.

"அக்கா, நீங்க நின்னதே தெரியல.
மழைதான் தெரிஞ்சுது."
கை நடுங்கிக்கொண்டிருந்தது அவனுக்கு.
"போலீஸ் பாத்தா முந்நூறு" என்றும் சொன்னான்,
வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.
"உன்னைப் பாத்தா?"
"ஆயிரத்தி ஐந்நூறு. கணக்குப் போட்டு வெச்சிருக்கேன்."
சிரித்துவிட்டோம், நடுக்கடலில்,
எங்களுக்குப் பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்க.

பிறை வரும்வரை என் முதுகிலேயே வந்தான்,
சிக்னலை அணைக்காமல்,
எனக்கு இல்லாத விளக்காக.
பெயர் கேட்கவில்லை.
அவன் பிரிந்தபோது நானும் ஹாரனை அழுத்தினேன்.
கனைத்தது.

வீட்டில் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன்.
கூட்டல் சரி. கழித்தல் சரி.
பிடிபட்டால் இவ்வளவு, படாவிட்டால் இவ்வளவு என்று
தராசுக்கு இரண்டு தட்டு.
ஈரத்தில் எனக்குப் பின்னால் வருகிறவனை
எதில் உட்கார வைப்பது?

மறுநாள் கிம் ஸ்வீயின் பட்டறை.
இரண்டு பல்பு, பதினாறு வெள்ளி,
கூலி வேண்டாம் என்றாள்.
கறுப்பையும் உரிக்கட்டுமா என்றாள்.
வேண்டாம் என்றேன். தூக்கம் தூக்கம்தான்.

ஒன்பதாம் நாள் இரவு செபராங் ஜெயாவில்
நிறுத்தினார் ஒரு போலீஸ்காரர்.
கறுப்பை விரலால் தட்டினார், விட்டுவிட்டார்.
பின்னால் போனார்.
சம்மன் சாய்ந்த எழுத்துக்கு,
நான் பூஜ்யம் போட்ட இடத்துக்கு.

அவர் குனிந்து எண்ணைக் குறித்த நேரம் முழுக்க
பிரேக்கை மிதித்தே வைத்திருந்தேன்.
இடதும் வலதும் எரியட்டும்.
அவர் விரலிலும் தாளிலும் காக்கி முழங்காலிலும்
சிவப்பு விழட்டும்.