நாற்பத்தெட்டு

சட்டப்படி நான் ஆடக் கூடாது.
என் கணவர் கூடாது, பிள்ளைகள் கூடாது,
என்னோடு ஒரே கூரையின் கீழ் உறங்கும் எவரும் கூடாது.
கனவைப் பற்றி அந்தப் பத்தியில் ஒரு சொல்லும் இல்லை.

மொண்டெவீடியோவில் இரவு ஒன்பதுக்குக் குலுக்கல்.
எட்டு இருபதுக்கு நான் முத்திரையை உடைப்பேன்.
மூன்று கூண்டுகள், கூண்டுக்குப் பத்துப் பந்து,
சுழியத்திலிருந்து ஒன்பதுவரை.
விரலின் பிசுக்கு ஒரு பந்துக்குச் சாதகம் செய்துவிடும் என்று
கையுறை. மோதிரம் கழற்றி வைக்க ஒரு கிண்ணம்.
ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எழுதுவேன்:
ஏழும் எட்டும் ஒரே எடை.
நோட்டரி எலீதா இரூரெத்தாவுக்கு
அரசாங்கம் படியளப்பது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

வெளியே ஊர் வேறு கணக்கில் இருக்கிறது.
இங்கே எண்ணுக்கெல்லாம் உருவம் உண்டு.
நாலு கட்டில். ஐந்து பூனை. ஆறு நாய்.
பதினான்கு குடிகாரன், இருபத்திரண்டு பைத்தியம்,
தொண்ணூறு பயம்.
நாய் கடித்தால் முதலில் சீட்டுக் கடை,
அப்புறம்தான் ஊசி.
மாமியார் படியில் உருண்டால் ஐம்பத்தாறு,
தூக்கிவிட்ட கையோடு ஓடுகிறார்கள்.
நாற்பத்தேழு, பிணம்.
நாற்பத்தெட்டு, பேசுகிற பிணம்.

செவ்வாய் விடியலில் அபரீசியோ வந்தான்.
என் தம்பி. ஜூலையில் புதைத்தோம்,
ஆற்றுக் காற்று குடைகளைப் புரட்டிப்போட்ட குளிரில்.
சமையலறையில் நின்று மாத்தே உறிஞ்சிக்கொண்டே கேட்டான்:
"எலீதா, கேஸை மூடினாயா?"
அவ்வளவுதான்.
செத்தவர்கள் பெரிதாக ஏதோ சொல்வார்கள் என்று இருந்தேன்.

லிஃப்டில் ஒரோஸ்மான், எங்கள் கட்டடக் காவலாளி.
"கண் சிவந்திருக்கிறதே, நோட்டரி அம்மா?"
தம்பி வந்தான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.
அவன் முகத்தில் இரக்கம் வந்தது, நிஜமான இரக்கம்.
அதன் முதுகுக்குப் பின்னால்
திண்பண்டம் கேட்க நிற்கும் பிள்ளைபோல் இன்னொன்று.

"பேசினானா?"

ஆறாம் மாடியிலிருந்து இரண்டுவரை யோசித்தேன்.
ஆமென்றால் நான் ஓர் எண்ணைக் கொடுத்தவளாவேன்.
ஒரோஸ்மான் தரைத்தளத்து அறையில் உறங்குபவன்;
எட்டு மாடி உயரத்தில் இருந்தாலும்
கூரை ஒன்றுதானே?
"இல்லை," என்றேன். "சும்மா நின்றான்."

பத்தொன்பது வருடப் பணியில் என் முதல் பொய்.
கையுறை போட்டுக்கொண்டு சொன்னதுபோல்
ஒட்டாமல் இருந்தது.

அன்றிரவு
முதல் கூண்டு ஆறு என்றது.
இரண்டாவது, நான்கு.
மூன்றாவதில் பந்துகள் சோளப்பொரியாய்த் துள்ளிக்கொண்டிருந்தபோது
உதடு அசையாமல் எட்டு, எட்டு என்று
உள்ளே ஒருத்தி வேண்டுவது கேட்டது.
பணத்துக்கில்லை. அவன் பேசினான்;
எங்காவது ஓர் இடத்தில் அது பதிவாகட்டும் என்று.

ஏழு.

அறுநூற்று நாற்பத்தேழு என்று அறிவித்தார்கள்.
"முறைகேடு ஏதுமில்லை" என்ற கட்டத்தில் கையெழுத்திட்டேன்.
எல்லாம் விதிப்படி நடந்தது.
எந்த விதி என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது.

காலையில் லிஃப்ட் வாசலில் ஒரோஸ்மான்.
கையில் பேக்கரிப் பொட்டலம், கண்ணில் நீர்.
மகளின் பல் வைத்தியத்துக்குப் போதும் என்றான்.
"உங்கள் தம்பி தங்கமானவர்.
வாயைத் திறக்காமலே கொடுத்தார்."

அன்பளிப்பு பெறக் கூடாது: ஒன்பதாம் பத்தி.
வேண்டாமென்று சொன்னேன்.
பிறகு ஒன்றே ஒன்று, சர்க்கரை அப்பிய பிறை,
நின்றபடியே தின்றேன்.

மேலே போய் கேஸைத் திருகிப் பார்த்தேன்.
மூடியிருந்தது.
இன்னொரு முறை திருகினேன்.
மூடித்தானே இருக்கிறது என்று
யாருமில்லாத சமையலறையிடம் கொஞ்சம் கோபமாகச் சொன்னேன்.
உதட்டில் சர்க்கரை.
எட்டு இருபதுக்குத் தராசு.